ஆள் சேர்க்காத ஊழியம்

1

ஜி. யு. போப்பைப் பற்றிப் பேச ஏறுகிறவர் யாரானாலும் பத்தாவது நிமிஷத்தில் அவருடைய கல்லறைக்கு வந்துவிடுகிறார். தாம் ஒரு தமிழ் மாணவன் என்று அதில் பொறிக்கச் சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடினார் என்கிறார். கூட்டம் கை தட்டுகிறது. பள்ளிப் பாடத்தில் படித்ததை மறுபடி கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

ஆக்ஸ்போர்டில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கல் இன்றும் இருக்கிறது. அதில் இப்படி எதுவும் இல்லை. இருப்பது வேறு. அவர் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் சாப்ளின் என்று அது சொல்கிறது. கீழைத்தேச இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் ஆயுள் முழுக்க உழைத்ததைப் போற்றி, குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலிருந்த தமிழ் நண்பர்களும் வைத்த கல் அது. சாதாரணமான, கண்ணியமான வாசகம். நமக்கு அது போதவில்லை.

ஏன் போதவில்லை என்பதுதான் விமர்சகன் கேட்கவேண்டிய கேள்வி. உண்மையான கல்லில் ‘சாப்ளின்’ என்ற சொல் இருக்கிறது. நாம் இட்டுக்கட்டிய கல்லில் அது இல்லை. மாணவனை வைத்துக்கொண்டு பாதிரியாரை அப்புறப்படுத்திவிட்டோம். திருவாசகம் படித்து அவர் விட்ட கண்ணீர் கடிதத்தில் விழுந்து மை கரைந்த கதையும் இதே பட்டறையில் செய்ததுதான். ஒரு மனிதன் அறுபது வயதுக்கு மேல் தன் நம்பிக்கையோடும் தன் வேலையோடும் செய்துகொண்ட சிக்கலான ஏற்பாட்டை, ஒரு சொட்டுக் கண்ணீராகச் சுருக்கிக்கொண்டால் பிறகு அவனைப் படிக்கவேண்டிய அவசியம் இல்லை. நாமும் படிக்கவில்லை.

2

போப் 1820இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தவர். தமிழில் முதல் பாடம் கேட்டது 1837இல். 1839இல் இங்கு வந்தார். வெஸ்லியனாகப் புறப்பட்டு வந்தவர் சில வருஷங்களில் ஆங்கிலிக்கன் சபைக்கு மாறினார். சாயர்புரம், தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர் என்று நாற்பது வருஷம் பள்ளிக்கூடங்களை நடத்தினார். கண்டிப்புக்குப் பேர்போன தலைமையாசிரியர். இலக்கணப் புத்தகங்கள் எழுதினார். ஊழியம் என்ற சொல்லுக்கு மிஷன் அறிக்கைகளில் என்ன அர்த்தமோ, ஏறக்குறைய அந்த அர்த்தத்தில் அவர் ஊழியக்காரர். கட்டிடம், வகுப்பு, ஜெபம், எண்ணிக்கை.

1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பியபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அந்த வயதில் திரும்பிய மிஷனரிகள் வழக்கமாகச் செய்தது நினைவுக் குறிப்பு எழுதுவது. அல்லது நிதி திரட்டும் கூட்டங்களில் பேசுவது. போப் திருக்குறளை 1886இலும், நாலடியாரை 1893இலும், திருவாசகத்தை 1900இலும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மூன்றையும் ஒரே அடுக்கில் வைத்து ‘தமிழ்த் தொண்டு’ என்று தலைப்பிடுகிறோம். அந்த அடுக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது.

குறள் பதிப்பின் முன்னுரையில் இருப்பவர் இன்னும் பள்ளிக்கூடத்தை விட்டு இறங்காத போப். வள்ளுவரின் அறம் அவருக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடித்தத்துக்குத் தம் மதத்துக்குள் ஒரு நியாயம் தேவைப்படுகிறது. மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறிஸ்தவப் போதனை வள்ளுவர் காதில் விழுந்திருக்கவேண்டும், மலைப்பிரசங்கத்தின் எதிரொலி குறளில் இருக்கிறது என்று அவர் வாதிக்கிறார். சரித்திரமாக இந்த வாதம் நிற்கவில்லை. மனோபாவமாக அது மிக முக்கியமான சாட்சியம். மற்றவனிடம் நல்லது இருந்தால் அது நம்மிடமிருந்துதான் போயிருக்கவேண்டும் என்பது நம்பிக்கையின் இளமைக்குரிய பதற்றம். அறுபத்தாறு வயதிலும் அந்த இளமை அவரிடம் இருந்தது.

பதினாலு வருஷம் கழித்து மாணிக்கவாசகரை எடுத்துக்கொண்டபோது இந்தப் பதற்றம் தணிந்திருக்கிறது. அவர் சைவராகிவிடவில்லை. திருவாசகப் பதிப்பிலும் முழுக்கப் பாதிரியார்தான். மாணிக்கவாசகரைப் புரிந்துகொள்ள அவருக்குப் பவுலும் அசிசி பிரான்சிஸும் வேண்டியிருக்கிறார்கள். ஆனால் இங்கே உறவு வேறு. குறளில் அவர் கடன் கொடுத்தவரின் வாரிசாகப் பேசினார். இங்கே பவுலைக் கொண்டுவருவது மாணிக்கவாசகருக்குப் பக்கத்தில் உட்காரவைக்க. அந்தப் பிரார்த்தனை வேறொருவருடையது, வேறொரு கடவுளை நோக்கியது, அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு ஐம்பத்தொரு பகுதிகளையும் வரிவரியாகப் பெயர்க்கிறார். இதற்கு நம்பிக்கை குறையவேண்டியதில்லை. கூடவேண்டியிருக்கும் என்றுகூடத் தோன்றுகிறது. தன் நம்பிக்கை பறிபோய்விடும் என்ற பயம் உள்ளவன் அடுத்தவன் பிரார்த்தனைக்குள் எட்டு நிமிஷம் இருக்கமாட்டான். இவர் எட்டு வருஷமாவது இருந்திருக்கிறார்.

திருவாசகப் பதிப்பின் முன்னுரையில் அவர் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். பேலியல் கல்லூரி முற்றத்தில் இரவு ஜெபத்துக்குப் பின் கல்லூரித் தலைவர் ஜோவெட்டுடன் நடந்துகொண்டிருக்கிறார். பேச்சு தமிழ்க் கவிதைக்குப் போகிறது. இதை அச்சிட்டாகவேண்டும் என்கிறார் ஜோவெட். எனக்கு அமரத்துவத்துக்கு உரிமப் பட்டயம் ஒன்றும் இல்லையே, இது நாள் பிடிக்கும் வேலை என்று இவர் தயங்குகிறார். பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நீண்ட நாள் வாழ வழி, முடிக்கும்வரை இருப்பீர் என்கிறார் ஜோவெட். சொன்னவர் 1893இல் போய்விட்டார். கேட்டவர் 1900 ஏப்ரல் 24, தமது எண்பதாவது பிறந்தநாள் தேதியிட்டு முன்னுரையை முடித்தார்.

இதை ஆசீர்வாதமாகப் படிப்பது சுலபம். எனக்கு இது கடன்பத்திரமாகத்தான் தெரிகிறது. முடிக்கும்வரை இருப்பாய் என்றால், முடித்தபின் என்ன? வேலையை இழுத்துக்கொண்டே போனால் சாவும் தள்ளிப்போகுமா? போப் இழுக்கவில்லை. முடித்தார். ஒரு நீண்ட ஆயுளின் உழைப்பு இத்தோடு நிறைவடைகிறது என்று அவரே எழுதினார். முடிவைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வேலை செய்கிறவனுக்கு எதைச் செய்வது என்பதைவிட எதை இனிமேல் செய்யாமல் விடுவது என்பதே பெரிய தீர்மானம். போப் விட்டது பள்ளிக்கூடத்தை, பிரம்பை, எண்ணிக்கையை. கடைசி இருபது வருஷத்தில் அவர் செய்த ஊழியம் ஒருவரையும் ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்திருக்காது. ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்க வந்தவர்களும் கூட்டமாக வந்திருக்கமாட்டார்கள். ஆள் சேர்க்காத ஊழியம் அது.

3

போப் விட்டுப்போன சாயர்புரத்துக்குச் சில வருஷங்கள் கழித்து, 1853இல், தமிழாசிரியராக ஒருவர் வந்தார். 1827 ஏப்ரல் 23இல் திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் பிறந்த வைணவ வேளாளர். கம்பராமாயணத்தில் ஊறியவர். எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ வெளிவந்தது. 1900 பிப்ரவரியில் காலமானார். போப் முன்னுரையில் கையெழுத்திட இன்னும் மூன்று மாதம்கூட இல்லை.

ஒரே பள்ளிக்கூட வாசலில் எதிரெதிராக நடந்த இரண்டு பேர். மிஷனரி சைவத் துதிப்பாடலில் போய் முடிகிறார். வைணவர் பனியனின் புத்தகத்தில் போய் முடிகிறார். நம் இலக்கிய வரலாறுகள் இருவரையும் இரு வேறு அத்தியாயத்தில் அடைத்து வைத்திருப்பதால் இந்தக் குறுக்குவெட்டு கண்ணில் படுவதில்லை.

கிருஷ்ண பிள்ளை மதம் மாறியபோது வயது முப்பது. முப்பது வயதில் ஒருவன் கடவுளை மாற்றிக்கொள்ளலாம். காது மாறுவதில்லை. மதமாற்றத்துக்கும் காவியத்துக்கும் இடையே 36 வருஷம். அந்த 36 வருஷத்தில் அவருக்குள் நடந்ததைச் சொல்ல நம்மிடம் இருக்கும் சிறந்த ஆவணம் அந்தக் காவியத்தின் செய்யுள் நடைதான். விஷ்ணுவை விட்டுவந்தவர் கம்பனை விட்டுவரவில்லை. முப்பதில் கழற்றிப் போட்டது அறுபதில் திரும்பி வந்திருக்கிறது, வேறு பெயரில்.

இது காவியத்துக்கு நல்லதா? முழுக்க நல்லதில்லை. பனியன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பிழைத்தவர். சிறையில் கிடந்தவர். 1678இல் வந்த அவருடைய புத்தகம் சந்தையில் பேசும் பாஷையில் இருக்கிறது. முதுகில் மூட்டையோடு ஓடுகிற ஒருவன், காதைப் பொத்திக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிட ஓடுகிறான். அந்த ஓட்டத்துக்கு ஏற்ற மூச்சு பனியனின் உரைநடையில் இருக்கிறது. கிருஷ்ண பிள்ளை இவனுக்குக் காவிய உடை உடுத்தினார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களில், வர்ணனைகளின் நிழலில், மூட்டையின் கனம் பல இடங்களில் தெரியாமல் போகிறது. உபதேசம் வருகிற இடங்களில் செய்யுள் கைகட்டி நிற்கிறது. இதைச் சொல்லத் தயங்கினால் ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்று பட்டம் கொடுத்து அலமாரியில் வைப்பவர்களோடு சேர்ந்துகொள்வோம்.

ஆனால் காவியத்தினிடையே வேறொரு குரல் இருக்கிறது. அவர் தேவாரம் என்றே பெயரிட்டு ஆங்காங்கே வைத்த பதிகங்கள். அங்கே கம்பன் இல்லை. அலங்காரம் உதிர்ந்துவிடுகிறது. ஒருவன் தன் தகுதியின்மையைச் சொல்லிக் கேட்கிறான். சிலுவைப்பாட்டைச் சொல்லும் பகுதியிலும் இதே வெப்பம் உண்டு. வயதானவரின் பக்தி தெரிகிற இடங்கள் இவை. காவியம் பாடியது பண்டிதர். பதிகம் பாடியவர் சாகப்போகிறவர். மதம் மாறியவருக்குப் புதிய நம்பிக்கையைச் சொல்ல, பழைய நம்பிக்கைகளின் மிக எளிய வடிவம்தான் கடைசியில் கைகொடுத்திருக்கிறது என்பதை நம் விமர்சகர்கள் கவனித்துப் பேசியிருக்கவேண்டும்.

பனியனின் கதை முடிவில் ஒரு ஆறு வருகிறது. பாலம் கிடையாது. நம்பிக்கைக்குத் தக்கபடி ஆழம் கூடும், குறையும். வழி நெடுக எல்லாவற்றையும் தாண்டி வந்தவன் அங்கே மூழ்கப் பார்க்கிறான். பழைய பாவங்கள் நினைவுக்கு வருகின்றன. துணைக்கு வந்தவன் தலையைத் தூக்கிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. மோட்ச வாசலுக்குப் பக்கத்திலிருந்தும் நரகத்துக்கு ஒரு வழி இருப்பதாகச் சொல்லித்தான் முதல் பாகம் முடிகிறது. நம்பிக்கை ஒருமுறை வாங்கிப் பத்திரப்படுத்தும் சொத்து அல்ல என்பதை இதைவிடக் கறாராகச் சொன்ன பிரபலப் புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை. அறுபது வயதைத் தாண்டிய கிருஷ்ண பிள்ளை இந்தக் கதையைத்தான் தேர்ந்தெடுத்தார் என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

4

இந்த இருவருக்கும் பின்னால் மூன்றாவதாக ஒருவர் நிற்கிறார். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். ஆவணி மூலத் திருவிழாவில், பிட்டுக்கு மண் சுமந்த லீலைக்காகத் திருப்பரங்குன்றத்து முருகன் மதுரைக்குப் போகிறார். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வருகிறார். வருஷாவருஷம் பார்க்கிற காட்சி என்பதால் கதையின் விபரீதம் நமக்கு உறைப்பதில்லை. ஒரு மந்திரி, அரசன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிடுகிறார். வங்கிக் குமாஸ்தா பாஷையில் இதற்குக் கையாடல் என்று பெயர். உத்தியோகத்துக்கும் ஊழியத்துக்கும் இடையே பணம் நிற்கிறது.

பரஞ்சோதியின் புராணம் இந்தக் கணக்கை நேர்செய்துவிடுகிறது. நரி பரியாகிறது, பரி நரியாகிறது, வைகை பெருகுகிறது, இறைவன் முதுகில் பட்ட பிரம்படி எல்லார் முதுகிலும் விழுகிறது, அரசன் உணர்கிறான். பற்றும் வரவும் சரி. திருவாசகத்தில் குதிரையும் பிட்டும் குறிப்பாக வருகின்றன. கணக்கு மட்டும் தீர்வதில்லை. அங்கே பேசுகிறவர் ஆட்கொள்ளப்பட்டவர். ஆனாலும் விடப்பட்டுவிடுவோமோ என்று நடுங்குகிறவர். அருள் வந்து போனபின் மிச்சமிருக்கிற நாட்களை எப்படிக் கழிப்பது என்பதுதான் அந்நூலின் ஆதாரப் பிரச்சினை. மரபு அவருக்கு 32 வயதுதான் கொடுக்கிறது. நடுவயதையே பார்க்காதவர், நடுவயதின் கேள்வியைப் பாடிவைத்துப் போனார். மனமாற்றத்தின் பரவசத்தைப் பாடியவர்கள் பலர். பரவசத்துக்கு மறுநாளைப் பாடியவர் இவர். எழுபதைத் தாண்டிய போப் குறளையும் நாலடியையும் முடித்த கையோடு இவரிடம் வந்து நின்றதற்கு இலக்கியக் காரணம் இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

இங்கே நல்லிணக்கம் பற்றி ஒரு வார்த்தை. திருப்பரங்குன்றம் மலையில் சமணப் படுகை இருக்கிறது. குடைவரைக் கோயில் இருக்கிறது. உச்சியில் சிக்கந்தர் தர்கா இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாலேயே ஒன்றை ஒன்று அறிந்ததாக ஆகாது. அண்டைவீட்டில் இருபது வருஷம் குடியிருந்து பெயர் தெரியாதவர்கள் உண்டு. போப்பும் கிருஷ்ண பிள்ளையும் காட்டுவது அண்டைவீட்டு மரியாதை அல்ல. அது அடுத்தவன் வாக்கியத்தைத் தன் மூச்சில் சொல்லிப்பார்க்கிற உழைப்பு. அதில் இருவருக்கும் நஷ்டம் உண்டு. போப் வாதத்தில் ஜெயிக்கும் உரிமையை இழந்தார். கிருஷ்ண பிள்ளை பழைய வாசகர்களை இழந்தார், புதிய வாசகர்களுக்கோ அவர் தமிழ் கடினமாக இருந்தது.

5

இதெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு விவகாரம், நவீன இலக்கியத்துக்கு என்ன என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். நவீன இலக்கியத்துக்குத்தான் இது பிரச்சினை. நம் புனைகதையில் பக்தன் பெரும்பாலும் இரண்டு வேஷத்தில்தான் வருகிறான். ஒன்று போலி, மற்றொன்று அப்பாவி. நம்பிக்கையோடு நாற்பது வயதைக் கடந்து, அதைத் திருத்தி, பாதியை விட்டு, மீதியை வைத்துக்கொண்டு வேலை செய்கிற மனிதன் அரிதாகவே வருகிறான். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) போன்ற ஒன்றிரண்டில் நம்பிக்கை வீட்டுச் சாமான் மாதிரி இயல்பாகப் புழங்குகிறது. அங்கும் அது பின்னணிதான், பிரச்சினை ஆவதில்லை.

புதுமைப்பித்தன் இதை விளிம்பில் தொட்டார். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையின் பிள்ளை நாற்பத்தைந்து வயதுக்காரர். பத்திரிகை நடத்துகிறவர். கடவுள் நேரில் வந்தபோது அவருக்குத் தோன்றுவது வரம் கேட்பதல்ல, சந்தா சேர்ப்பது. ஆயுள் சந்தா என்றால் யாருடைய ஆயுள் என்ற கேள்வி அங்கே எழுகிறது. பத்திரிகையின் ஆயுள் என்று பதில் வருகிறது. நாம் இதை ஹாஸ்யமாகப் படித்து ரசித்துவிட்டோம். சாகாத கடவுளிடம் சாகப்போகிற மனிதன் தன் பத்திரிகையின் ஆயுளை முன்வைக்கிறான். போப்பிடம் ஜோவெட் சொன்னதற்கு எதிர்ப்பதம் இது. அங்கே வேலை மனிதனுக்கு ஆயுள் கொடுக்கும் என்கிறார்கள். இங்கே வேலைக்கே ஆயுள் நிச்சயமில்லை. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு எது உண்மை என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நம் வட்டத்தில் முப்பதில் கவிதையால் உலகத்தைத் திருத்திவிடப் புறப்பட்டவர்கள் பலர் நாற்பதில் நின்றுபோகிறார்கள். பதவி உயர்வு, இடமாற்றம், பெண்ணின் கல்யாணம் என்று காரணங்கள் கிடைத்துவிடுகின்றன. உண்மைக் காரணம் வேறு. எண்ணிக்கை கூடவில்லை. வாசகர்கள் வரவில்லை. இயக்கம் ஆகவில்லை. ஆள் சேர்ப்பதையே ஊழியம் என்று நினைத்தவனுக்கு ஆள் சேராதபோது ஊழியமும் முடிந்துபோகிறது. நிற்காதவர்களில் சிலரோ முப்பதில் பேசியதையே அறுபதிலும் அதே சுருதியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதை உறுதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போப் 1886இலேயே நின்றிருந்தால் மயிலாப்பூர்க் கடற்கரை வாதத்தோடு முடிந்திருப்பார். கிருஷ்ண பிள்ளை பண்டிதத்தோடு திருப்திப்பட்டிருந்தால் அந்தப் பதிகங்கள் இல்லை.

இருவரும் நம்பிக்கையை விடவில்லை. நம்பிக்கையைக் கொண்டு தாங்கள் செய்யவேண்டியது என்ன என்பதை மாற்றிக்கொண்டார்கள். எஞ்சிய நாட்கள் எத்தனை என்ற உத்தேசக் கணக்கு அந்த மாற்றத்துக்கு உதவியிருக்கிறது. மரணத்தை நினைத்துக்கொள் என்று எல்லா மதங்களும் சொல்கின்றன. பயமுறுத்தத்தான் அதிகம் சொல்கின்றன. தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் குறைவு. 1900இல் ஒருவர் எழுபத்திரண்டு வயதில் போனார், ஒருவர் எண்பது வயதில் பேனாவைக் கீழே வைத்தார், பிறகு 1908வரை இருந்தார். இருவருமே அவசரப்படவில்லை, ஒத்திப்போடவும் இல்லை.

இவர்களுக்குச் சிலையும் கல்லறை வாசகமும் நாம் போதுமான அளவுக்குச் செய்தாகிவிட்டது. இனி செய்யவேண்டியது சிறிய வேலை. குறள் முன்னுரையையும் திருவாசக முன்னுரையையும் ஒரே மேஜையில் விரித்துவைத்துப் படிப்பது. இரட்சணிய யாத்திரிகத்தின் பதிகங்களைத் தனியே எடுத்து, திருவாசகத்துக்குப் பக்கத்தில், யார் எந்தச் சபை என்று கேட்காமல், கவிதையாகப் படிப்பது. ஆறு பேர் படித்தால் போதும்.